தத்துவ போதகரும் தைப்பொங்கலும்

தைத் திங்கள் முதல் நாளில் நம் கோயில் முற்றத்தில் பானை வைத்துப் பொங்கலிடுகிறோம். குருவானவர் புது அரிசியையும் கரும்பையும் மந்திரிக்கிறார். இன்று இது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் கிறிஸ்தவர்கள் இந்நாட்டு வழக்கங்களைக் கைக்கொள்ளலாமா என்ற கேள்வி ஒரு காலத்தில் உரோமை வரை சென்றது. அக்கேள்வியைச் சுமந்தவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி சுவாமிகள்.

1577-ல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த இவர், சேசு சபையில் சேர்ந்து 1605-ல் கோவாவுக்கும், 1606-ல் மதுரைக்கும் வந்தார். சத்திய வேதத்தை மக்கள் பரங்கியர் மார்க்கம் என்று ஒதுக்குவதைக் கண்டு வருந்தினார். காவி உடுத்தி, புலால் நீக்கி, சந்நியாசியாக வாழ்ந்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றுத் தமிழ் உரைநடையில் ஞான நூல்கள் இயற்றினார்.

பொங்கல், கதிரவனுக்கும் விளைச்சலுக்கும் நம் முன்னோர் எடுத்த விழா. சுவாமிகள் அதைத் தடுக்கவில்லை. சிலுவை நாட்டி, அதன் அடியில் புது அரிசியைப் பொங்கச் சொன்னார். நன்றி நிலைத்தது, அது செல்லும் இடம் மாறியது. இது புதுமையன்று. 601-ல் பெரிய கிரகோரியார் பாப்பு இங்கிலாந்தின் போதகர்களுக்கு இவ்வழியையே காட்டினார். அயர்லாந்தில் பிப்ரவரி முதல் நாளில் வரும் பழைய வசந்த விழா, புனித பிரிஜித்தம்மாள் திருநாளாயிற்று.

உடன் உழைத்த குருக்களே சுவாமிகளை எதிர்த்தனர். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பான்மையோர் அவருக்கு மாறாக நின்றனர். 1623 சனவரி 31-ல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பு குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை நிபந்தனையுடன் அனுமதித்தார். கண்பார்வை மங்கிய முதுமையில், 1656 சனவரி 16-ல், மயிலாப்பூரில் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அந்நினைவு நாள் இப்போது பொங்கல் நாட்களை ஒட்டியே வருகிறது.

சாதி வேற்றுமையையும் அவர் நாட்டு வழக்கமாகவே கருதி ஏற்றார். அது பிற்காலத் திருச்சபைக்குப் பெரும் சுமையாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எதைக் காப்பது, எதைக் களைவது என்பது இன்று நம் பொறுப்பு. பாவில் அறுந்த இழையைப் பிணைக்காமல் நெய்தால் புடவையில் பழுது தெரியும் என்பதை ஆரணி நெசவாளர் அறிவர். யூபிலி கொண்டாடும் நாம், ஒரே பானையில் பொங்கியதைத் தெரு பாராமல், குலம் பாராமல் பகிர்ந்து உண்போமாக. அதற்கான மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.