ஆளுக்கு ஒரு வெள்ளி

1924இல் திருவாரூரிலிருந்து சிங்கப்பூர் வந்தபோது கோ. சாரங்கபாணிக்கு வயசு 21. மார்க்கெட் ஸ்திரீட் கடையொன்றில் கணக்கு எழுதினார். மனசெல்லாம் பத்திரிகை மேலே. 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். போர் வந்து பத்திரிகை நின்றது. போர் முடிந்ததும் மறுபடி நடத்தினார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழா, சமஸ்கிருதமா என்ற பேச்சு வந்தது. தமிழுக்கே இடம் வேணும் என்று விடாமல் வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பணக்காரரை மட்டும் நம்பவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டும் நம்ம ஜனங்களும் கொடுத்தார்கள். 1956இல் இந்தியப் பகுதி தொடங்கி, தமிழும் அங்கே ஏறியது.

1974இல் சாரங்கபாணி மறைந்தார். முரசு இன்றும் வருகிறது. ஆசை எல்லாருக்கும் உண்டு, தோழர்களே. அலுக்காமல் வாசல் வாசலாகக் கேட்டவருக்குத்தான் காரியம் கைகூடியது.