ஹென்றி எட்வர்டு ஷார்ட்

ஹென்றி எட்வர்டு ஷார்ட் (ஏப்ரல் 15, 1887 – நவம்பர் 9, 1987) பிரித்தானிய மருத்துவரும் ஒட்டுண்ணியியலாளரும் ஆவார். மலேரியாக் கிருமி குருதியை அடையுமுன் கல்லீரலில் வளர்கிறது என்பதை 1948 இல் சிரில் கார்ணமுடன் இணைந்து கண்டறிந்தவர் என்றே உலகம் இவரை அறியும். குடிநீரால் பற்களிலும் எலும்புகளிலும் உண்டாகும் நோயைச் சென்னை மாகாணத்தில் இவர் ஆராய்ந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

வாழ்க்கை

இந்தியாவில் பிறந்த ஷார்ட், 1910 இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அசாமில் காலா அசார் நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மணல் ஈயின் கடியால் அந்நோய் மனிதருக்குப் பரவுவதை நிறுவிய 1942 ஆம் ஆண்டு ஆய்வில் சுவாமிநாத், ஆண்டர்சன் ஆகியோருடன் இவரும் பங்கேற்றார்.

நெல்லூர் ஆய்வு

1930களில் இவர் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தார். அப்போது நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் சிறுவர்களின் பற்கள் சுண்ணாம்பு வெண்மையாகவும் பழுப்புக் கறையுடனும் காணப்பட்டன. பெரியவர்கள் பலருக்கு முதுகெலும்பு விறைத்து, குனியவும் நிமிரவும் இயலாமற் போயிருந்தது. அமெரிக்காவில் இத்தகைய பற்கறைக்குக் குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்பது 1931 இல்தான் தெரியவந்திருந்தது. சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகியோருடன் ஷார்ட் 1937 இல் வெளியிட்ட கட்டுரை, நெல்லூரிலும் கிணற்று நீரின் புளோரைடே காரணம் என்று காட்டியது. சிறுவரின் பல்லும் பெரியவரின் முதுகும் ஒரே நீரால் கெட்டிருந்தன.

பற்சிப்பி ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே இக்குறைபாடு நேர்ந்துவிடுகிறது. மிகையான புளோரைடு பற்சிப்பி முழுமையாகக் கனிமமேறுவதைத் தடுப்பதால், அது நுண்துளைகளுடன் அமைகிறது. பாற்பற்களின் பெரும்பகுதி கருவிலேயே உருவாவதால் அவற்றில் பாதிப்பு பொதுவாகக் குறைவு. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லோ பிறப்பை ஒட்டியே கனிமமேறத் தொடங்குகிறது. பாற்பல் விழுந்த இடத்தில் முளைக்காததால் பெற்றோர் பலர் அதனைப் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். கறை கண்ட பிள்ளையைச் சரியாகப் பல் துலக்கவில்லை என்று கடிந்துகொள்வதும் தவறு. எவ்வளவு துலக்கினாலும் இக்கறை போகாது. பல் உருவாகும் ஆண்டுகளில் நல்ல நீர் கிடைப்பதே இதனைத் தடுக்கும் வழி.

பண்டிட், இராகவாச்சாரி முதலானோர் இவ்வாய்வைத் தொடர்ந்து 1940 இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் இதே சிக்கல் கொண்ட தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

பிற்காலம்

இந்தியப் பணிக்குப்பின் ஷார்ட் இலண்டன் நலவியல், வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பேராசிரியரானார். 1950 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமது நூறாவது வயதில் காலமானார்.