புரத மாலை கோத்த எமில் பிஷர்

பருப்பில் புரதம் இருக்கிறது. பாலிலும் முட்டையிலும் இருக்கிறது. நம் தசையும் தலைமுடியும்கூடப் புரதம்தான். அந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் எமில் பிஷர்.

மரக் கடையில்

1852-ம் ஆண்டு ஜெர்மனியில் பிஷர் பிறந்தார். தந்தை வியாபாரி. மகனையும் வியாபாரியாக்க விரும்பி, உறவினரின் மரக் கடையில் சேர்த்துவிட்டார். பிஷருக்கோ ரசாயனத்தில்தான் ஆசை. பையன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று கண்ட தந்தை, படிக்க அனுப்பிவிட்டார்.

1892-ல் பிஷர் பெர்லின் நகரில் பேராசிரியர் ஆனார். சர்க்கரைப் பொருள்களை ஆராய்ந்ததற்காக 1902-ல் நோபல் பரிசு பெற்றார்.

மணி மணியாக

புரதத்தை அமிலத்தில் இட்டுக் காய்ச்சினால், அது அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும். இது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் புரதத்துக்குள் அவை எப்படி இணைந்திருக்கின்றன?

மாலையில் மணிகள் போல வரிசையாக இணைந்திருக்கின்றன என்று பிஷர் 1902-ல் விளக்கினார். அதே ஆண்டில் ஹோப்மைஸ்டர் என்ற விஞ்ஞானியும் இதே முடிவுக்கு வந்தார். ஒரு மணியின் தலை, அடுத்த மணியின் வாலைப் பற்றிக்கொள்ளும். அப்போது அங்கிருந்து நீர் பிரிந்து வெளியேறும்.

பிஷர் சொன்னதோடு நிற்கவில்லை. தாமே கோத்துப் பார்த்தார். 1901-ல் இரண்டு மணிகளை இணைத்திருந்தார். 1907-ல் 18 மணிகள் கொண்ட சங்கிலியையே செய்துவிட்டார்! கணையத்தில் ஊறும் ஜீரண நீர், இயற்கைப் புரதத்தை உடைப்பது போலவே அவர் செய்த சங்கிலிகள் சிலவற்றையும் உடைத்தது.

வீட்டில் துயரம்

வெளியே புகழ், வீட்டிலோ துயரம். மனைவி ஆக்னஸ் 1895-லேயே இறந்துவிட்டார். மூன்று மகன்களும் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். ஆராய்ச்சியில் கையாண்ட ரசாயனத்தின் நஞ்சு பிஷரின் உடலைக் கெடுத்தது. முதல் உலக யுத்த காலத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். 1919 ஜூலை 15-ல் அவரும் மறைந்தார். மூத்த மகன் ஹெர்மன் மட்டும் மிஞ்சினார். தந்தை வழியிலேயே அவரும் ரசாயன விஞ்ஞானி ஆனார்.

மெய்யான வாக்கு

இங்கிலாந்தில் பிரெடரிக் சாங்கர், இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசையை 1955-ல் முழுவதும் கண்டுபிடித்தார். பிஷர் சொன்ன மணிக்கோவை அப்படியே அதில் இருந்தது.

நாம் உண்ணும் பருப்புப் புரதத்தை நம் குடல் மணி மணியாகப் பிரிக்கிறது. உடல் அந்த மணிகளை மறுபடியும் கோத்துத் தசையாக்குகிறது. அந்த வித்தையைத் தம் கையால் செய்து காட்டியவர், மரக் கடைக்கு உதவாத அந்தப் பையன்தான்!