யாழ் நூல் தந்த அடிகளார்

எழுத்தின் ஆற்றல் யாது என வினவுவார்க்கு யாம் சுட்டிக்காட்ட விரும்புவது சுவாமி விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கையேயாம்.

கிழக்கிலங்கைக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். புதுக்கடையிலிருந்து நடந்து செல்லுந் தொலைவிலுள்ள மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று, 1916இல் டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். விஞ்ஞானம் கற்பார்க்குத் தமிழ் எதற்கு என்னும் மாணவர் நம்மிடையே இன்றும் உளர். அன்னார் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டார். துறந்தவர் தமிழைத் துறந்தாரல்லர். சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்த 'மதங்க சூளாமணி' 1926இல் நூலாயிற்று.

அவர்தம் வாழ்நாட் பணியோ யாழைப் பற்றியது. யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டுகள் கழிந்தன. கண்ணாற் கண்டாரில்லை, கேட்டாருமில்லை. எஞ்சியது புலவர் எழுதிவைத்த சொல் மட்டுமே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றி இளங்கோவடிகள் பாடியவை இருபத்தைந்தே அடிகள். அவ்வடிகளுக்கு உரைகாணப் புகுந்தவர் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். புலவன் வாக்கை வெறும் புனைந்துரையென ஒதுக்காது, கணிதத்தால் அளந்து, நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டு, வில்யாழ், பேரியாழ் முதலியவற்றின் அமைதியை வகுத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் றமிழ்ப் பேராசிரியராயிருந்து பணியாற்றியவர்க்கு ஓய்வு ஏது? ஆயினும் எழுதுகோல் நிற்கவில்லை. அவர்தம் முடிபுகள் சிலவற்றோடு மாறுபடும் இசைவாணர் உளர். அதனால் நூலின் பெருமை குன்றுமென யாம் கருதுகின்றிலம். வழியே இல்லாத காட்டில் முதலில் நடந்தவர் அவரன்றோ!

1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆந் தேதிகளிலே, கரந்தைத் தமிழ்ச்சங்கத்தார் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறிற்று. இருபத்தைந்து அடிகளுள் உறங்கிக்கிடந்த யாழ் அன்று மக்கள் செவிக்கு மீண்டது. அடிகளாரும் அதனைக் கேட்டார்.

பின்னர் ஆறு கிழமைகளே அவர் உயிர்வாழ்ந்தார். ஜூலை 19இல் கொழும்பிலே மறைந்த அவர்தம் திருமேனி, தாம் நிறுவிய மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது. இறைவன் உவக்கும் மலர் எதுவென வினவி, அது அன்பர் உள்ளமேயென விடைகூறும் அவர்தம் பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.