பிரெஞ்சு வழியே லத்தீன் கற்ற எட்வர்ட் கிப்பன்



இந்தக் காலாண்டுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் மனிதர் எட்வர்ட் கிப்பன். ரோமப் பேரரசு எப்படித் தேய்ந்து வீழ்ந்தது என்பதை ஆறு பெரிய தொகுதிகளில் எழுதிய ஆங்கிலேயர். பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் நம் எல்லா பிளாக்குகளையும் சேர்த்தாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. அதை எழுதுவதற்கு வேண்டிய லத்தீனை அவர் எங்கே, எப்படிக் கற்றார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இங்கிலாந்துப் பையன், சுவிட்சர்லாந்தில், பிரெஞ்சு மொழி வழியாக லத்தீன் கற்றான். அதுவும் தண்டனையாக அனுப்பப்பட்ட ஊரில்.

கிப்பன் 1737-ல் லண்டனை ஒட்டி, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பட்னியில் பிறந்தார். தாத்தா பெயரும் எட்வர்ட் கிப்பன்தான். அவர் தென்கடல் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர். 1720-ல் அந்தக் கம்பெனியின் பங்கு விலை வானத்துக்கு ஏறி அதே வருடம் தரைக்கு வந்தது. பார்லிமெண்ட் டைரக்டர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது. தாத்தாவின் சொத்துக் கணக்கு 1,06,000 பவுனுக்கு மேல். அவர் கையில் விட்டுவைத்தது 10,000. மனிதர் அசரவில்லை. அதை வைத்தே இன்னொரு சொத்தைச் சேர்த்துவிட்டார். அவர் மகன், அதாவது நம் கிப்பனின் அப்பா, சேர்ப்பதைவிடக் கரைப்பதில் கெட்டிக்காரர். வாக்கிங் போகும்போது பங்குச் சந்தை பேசுகிறவர்கள் இந்தத் தாத்தாவைத் தனியாகப் படிக்கலாம். நான் பேரனிடம் போகிறேன்.

பேரனுடன் பிறந்த ஐந்து தம்பிகளும் ஒரு தங்கையும் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள். இவரும் பிழைப்பார் என்று யாரும் நம்பவில்லை. அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டார். வளர்த்தது அம்மாவின் சகோதரி கேத்தரின் போர்ட்டன். உடம்பு படுத்திய பாட்டில் பள்ளிப் படிப்பு தொடர்ச்சியாக நடக்கவே இல்லை. கிங்ஸ்டன் பள்ளியில் கொஞ்ச நாள் அடியும் அழுகையுமாக லத்தீன் இலக்கணம் ஏறியது. மற்ற நேரமெல்லாம் கையில் கிடைத்த சரித்திரப் புத்தகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துத் தள்ளினார்.

1752-ல், பதினைந்து வயது நிறைவதற்குள், ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரியில் சேர்த்தார்கள். பட்டு அங்கி, வெல்வெட் தொப்பி, தனி அறைகள். படிப்புதான் இல்லை. முதல் ஆசிரியர், பையன் பாடத்துக்கு வராமல் சாக்குச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். இரண்டாமவர் தனக்கு இப்படி ஒரு மாணவன் இருக்கிறான் என்பதையே கண்டுகொள்ளவில்லை. கேட்க ஆளில்லாத பையன் தானாக மதத் தர்க்கப் புத்தகங்களைப் படித்து, 1753 ஜூனில் லண்டனுக்குப் போய் கத்தோலிக்கராக மாறிவிட்டார். அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கத்தோலிக்கருக்கு ஆக்ஸ்போர்டிலும் இடமில்லை, அரசாங்க வேலையிலும் இடமில்லை. அப்பாவுக்கு வந்த கோபத்தில் அந்த மாதம் முடிவதற்குள் பையன் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் இருந்தார். வயது 16.

லோசானில் அவரை ஒப்படைத்தது பவியார் என்ற கால்வினியப் பாதிரியாரிடம். பையனைப் பழைய மதத்துக்குத் திருப்ப வேண்டும், அதுதான் அப்பா கொடுத்த வேலை. ஆக்ஸ்போர்டில் தனி அறைகளும் வேலைக்காரனும் வைத்திருந்த பிள்ளைக்கு இங்கே குளிர் தாங்காத ஒரு சின்ன அறை. கைச்செலவுக்குப் பாதிரியார் மாதாமாதம் எண்ணிக் கொடுக்கும் சில்லறை. பாதிரியாரின் மனைவி சமையலில் கஞ்சத்தனம், சுத்தமும் போதாது; கிப்பன் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சுதான். வாயைத் திறந்து பேச ஒரு ஆள் கிடையாது.

கஷ்டம்தான். ஆனால் வேறு வழி இல்லாததால் சில மாதங்களில் பிரெஞ்சு வந்துவிட்டது. பிறகு அதிலேயே யோசிக்க ஆரம்பித்தார். 1754 கிறிஸ்துமஸ் அன்று புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கும் திரும்பினார். அப்பா கொடுத்த வேலை முடிந்தது. இருந்தும் அப்பா அவரை ஊருக்குக் கூப்பிடவில்லை. இன்னும் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கேயே விட்டுவைத்தார். நம் கதை உண்மையில் இந்த மூன்று வருடங்களில்தான் இருக்கிறது.

பவியாரிடம் ஒரு நல்ல குணம். தனக்கு எதுவரை சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அந்த எல்லை வந்ததும் பையனைத் தன் போக்கில் விட்டுவிட்டார். நல்ல ஆசிரியர்கள் எல்லோரிடமும் இந்தக் குணம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

தனியாக விடப்பட்ட கிப்பன் கண்டுபிடித்த வழி இது. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களில் ஒன்றை எடுப்பார். அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார். மொழிபெயர்ப்பைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடுவார். சிசரோவின் சொற்கள் ஞாபகத்திலிருந்து அழிந்து போகும்வரை அதைத் தொடமாட்டார். பிறகு தன் பிரெஞ்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தனக்குத் தெரிந்த லத்தீனில் திருப்பி எழுதுவார். கடைசியில் மூலத்தைத் திறந்து, தன் வாக்கியத்தையும் சிசரோவின் வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்.

வங்கியில் காலம் கழித்த என்னைப் போன்றவனுக்கு இது உடனே பிடிபடுகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், சாயங்காலம் டே புக்கும் லெட்ஜரும் டாலி ஆக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கே என்று தேடிப் பிடித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரி திட்டத் தேவையே இல்லை, கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். கிப்பனுக்கு சிசரோதான் லெட்ஜர். அடித்துத் திருத்த ஆசிரியர் இல்லாத அறையில், இறந்து 1,800 வருடம் ஆகப்போகிற ஒருவர் வரிக்கு வரி திருத்திக் கொடுத்தார்.

நடுவில் பிரெஞ்சு ஏன் உதவியது என்று கேட்பீர்கள். பிரெஞ்சு லத்தீனிலிருந்து பிறந்த மொழி. அதனால் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் சரி. லத்தீனில் நம் தமிழைப் போல வேற்றுமை உருபுகள் உண்டு. புலி ராஜாவைக் கொன்றது என்றாலும், ராஜாவைப் புலி கொன்றது என்றாலும் செத்தது ராஜாதான். அந்த ஐ உருபு பார்த்துக்கொள்கிறது. லத்தீனும் அப்படித்தான். பிரெஞ்சு அந்த உருபுகளைத் தொலைத்துவிட்டது. அங்கே சொல் நிற்கும் இடம் மாறினால் கொன்றவனும் செத்தவனும் மாறிவிடுவார்கள். ஆகவே பிரெஞ்சிலிருந்து லத்தீனுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் வால் எது, அது எங்கே நின்றால் அழகு என்று யோசித்தே தீர வேண்டும். சொற்களிலும் பொறி இருக்கிறது. பிரெஞ்சில் தலைக்கு உள்ள சொல், லத்தீனில் மண்பானையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உறவை நம்பி அப்படியே எழுதினால் தோள்மேல் பானை உட்கார்ந்திருக்கும். இந்த உதாரணம் நான் சொல்வது. கிப்பன் எந்தப் பானையை உடைத்தாரோ!

அத்தோடு விடவில்லை. எதிர்த் திசையிலும் போனார். ரோமின் புரட்சிகளைப் பற்றி வெர்ட்டோ என்பவர் எழுதிய பிரெஞ்சுப் புத்தகத்தில் சில பக்கங்களை லத்தீனாக்குவார், ஆறப்போடுவார், மறுபடி பிரெஞ்சாக்கி வெர்ட்டோவுடன் ஒத்துப்பார்ப்பார். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. போகப்போக வெட்கம் குறைந்தது. இப்படிப் பல நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. ஒரே உழைப்பில் இரண்டு மொழியும் கைக்கு வந்தன. நம் குடியிருப்பில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மதிப்பெண் சுலபமாக வரும் என்பதற்காக எடுத்ததாகச் சொல்கிறார்கள். கிப்பனுக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை.

1756 ஜனவரியிலிருந்து 27 மாதங்கள் ஒரு திட்டம் போட்டு, சரித்திர ஆசிரியர்கள், கவிஞர்கள், பேச்சாளர்கள், தத்துவ ஆசிரியர்கள் என்று லத்தீன் இலக்கியத்தை ஏறக்குறைய முழுதும் படித்து முடித்தார். அந்தச் சமயத்தில் லிவி என்ற ரோமானிய சரித்திர ஆசிரியரின் நூலில் ஓரிடம் அர்த்தமாகவில்லை. அங்கே வெறுப்பு என்று பொருள்படும் சொல் இருந்தது. அதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் அமைதி, ஓய்வு என்று பொருள்படும் சொல் கிடைக்கும், வாக்கியமும் நேராகும். பையன் இதைப் பாரிஸில் லிவியைப் பதிப்பித்த பேராசிரியர் க்ரெவியேவுக்கு எழுதினார். க்ரெவியே திருத்தத்தை ஒப்புக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் யாரும் கண்டுகொள்ளாத பையன்தான் இது.

லோசான் ஒன்றைக் கொடுத்தது, ஒன்றை எடுத்தது. 1757-ல் சூசான் குர்ஷோ என்ற பெண்ணைச் சந்தித்தார். கிராமத்துப் பாதிரியாரின் மகள், அழகும் படிப்பும் உள்ளவள், லத்தீன் தெரிந்தவள். இரண்டு பேருக்கும் மனம் ஒத்தது. 1758-ல் ஊர் திரும்பிய கிப்பனிடம் அப்பா முடியாது என்றார். அப்பாவின் பணத்தை விட்டால் இவருக்கு வருமானம் இல்லை. அதே சமயம் பரம்பரைச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ மகனின் கையெழுத்து அப்பாவுக்கு வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டார், பதிலுக்கு வருடம் 300 பவுன் கிடைத்தது. காதலை விட்டார். என்னைக் கேட்டால், அந்தப் பேரத்தில் அப்பாவுக்குத்தான் லாபம். சூசான் பிற்பாடு நெக்கர் என்ற ஜெனீவா வங்கிக்காரரை மணந்துகொண்டார். அவர் பதினாறாம் லூயி மன்னரின் நிதி மந்திரி ஆனார். கிப்பன் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் வயதான பின் நல்ல நண்பர்களாக இருந்தார்கள்.

ஊர் திரும்பிய பயணமே ஒரு வேடிக்கை. அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். குறுக்கு வழி பிரான்ஸ் வழியாகத்தான். டச்சுப் படையில் வேலை பார்த்த சுவிஸ் அதிகாரிகளுடன் சேர்ந்து, அவர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினார். எதிரி நாட்டில் முழுதும் பிரெஞ்சு பேசிக்கொண்டே போனார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வந்து சேர்ந்தபோது ஆங்கிலம்தான் அந்நிய மொழியாகி இருந்தது. 1761-ல் வெளிவந்த முதல் புத்தகம் பிரெஞ்சில்தான். இங்கிலாந்தில் அதைச் சீந்துவாரில்லை. 1764 அக்டோபர் 15 அன்று ரோமில், பழைய ஜூபிடர் கோவில் இருந்த இடத்தில் வெறுங்கால் துறவிகள் மாலை வழிபாடு பாடுவதைக் கேட்டபடி இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, அந்த நகரத்தின் வீழ்ச்சியை எழுத வேண்டும் என்று தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அடுத்துத் தொடங்கியது சுவிஸ் சரித்திரம், அதுவும் பிரெஞ்சில். 1767-ல் தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம் அதைப் படித்துவிட்டு, ஏன் பிரெஞ்சில் எழுதுகிறீர்கள், அமெரிக்கக் குடியேற்றங்கள் பெருகுகின்றன, நாளைக்கு நிலைக்கப் போவது ஆங்கிலம் என்று எடுத்துச் சொன்னார். கிப்பன் அந்தப் பிரெஞ்சுச் சரித்திரத்தைக் கைவிட்டார்.

பிறகு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தபோது பழைய நோட்டுப் புத்தகப் பழக்கம் விடவில்லை. முதல் அத்தியாயத்தை மூன்று தடவை எழுதினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டு தடவை. முதல் தொகுதி 1776 பிப்ரவரியில் வந்தது. 500 பிரதிகள் போதும் என்று நினைத்ததை அச்சகத்தார் 1,000 ஆக்கினார். சில நாட்களில் தீர்ந்துபோனது. கிறிஸ்தவம் பரவியதைப் பற்றிய இரண்டு அத்தியாயங்களுக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பார்லிமெண்டில் பல வருடம் உறுப்பினராக இருந்தும் ஒரு தடவைகூட எழுந்து பேசவில்லை.

1783-ல் லண்டனை விட்டுத் திரும்பவும் லோசானுக்கே போனார். இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை. இளமை நண்பர் தேவெர்துன்னின் வீட்டில், ஏரியைப் பார்த்த தோட்டத்தோடு குடியேறினார். 1787 ஜூன் 27 இரவு, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், அந்தத் தோட்டத்து மண்டபத்தில் 71-ஆவது அத்தியாயத்தின் கடைசி வரியை எழுதிப் பேனாவை வைத்தார். வெளியே வந்து மரங்களுக்குக் கீழே நடந்தார். சந்தோஷம் இருந்தது, நெடுநாள் துணை பிரிந்த வருத்தமும் இருந்தது. அந்தப் புத்தகம் பிறகு எங்கெங்கோ போனது. 1896-ல் பெங்களூரில் படை அதிகாரியாக இருந்த இளைஞர் சர்ச்சில் மத்தியான வெயில் நேரத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் கவனிக்காமல் விட்ட ஒரு வீக்கம் கடைசியில் கிப்பனைக் கொண்டுபோனது. 1794 ஜனவரி 16 அன்று லண்டனில் இறந்தார். வயது 56. லோசானில் அவர் விட்டுப்போன புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரிய பணக்காரர், அந்த ஊர் வழியாகப் போகும்போது படிக்க ஏதாவது வேண்டும் என்று அத்தனையையும் மொத்தமாக வாங்கினார். சில வாரங்கள் உட்கார்ந்து படித்தார். பிறகு அவற்றை லோசானிலேயே ஒரு டாக்டரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.