ஒரு ஓட்டுகூட விழாமல் திருச்செந்தூர் எம்.பி. ஆனவர்: கேள்வி கேட்டதால் பதவி போன நிதி மந்திரி டி.டி.கே. கதை

தூத்துக்குடி,

1962-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். நாடு முழுக்க பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் சேர்த்து பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தது. திருச்செந்தூர் கடற்கரையில் மட்டும் ஒரு வித்தியாசம். சட்டசபைக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு பாராளுமன்றத்துக்கு ஓட்டுச்சீட்டே கிடையாது. காரணம், எம்.பி. ஏற்கனவே முடிவாகிவிட்டார். எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல், போட்டியின்றி ஜெயித்துவிட்டார் காங்கிரஸ் வேட்பாளர்.

அந்த வருடம் இந்தியா முழுவதும் இப்படி போட்டியின்றி எம்.பி. ஆனவர்கள் மூன்றே பேர்தான். அதில் ஒருவர் நம்ம திருச்செந்தூர் தொகுதிக்காரர். ஆனால் அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, சென்னைக்காரர். உப்பளம், மீன்பிடி, பனையேறும் தொழில் என்று வாழ்ந்த இந்தக் கரைக்கும் அவருக்கும் பிறப்பால் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவர்தான் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. சுருக்கமாக டி.டி.கே. நாலு வருடத்துக்கு முன்னால், பாராளுமன்றத்தில் எம்.பி.க்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிதி மந்திரி பதவியை விட்டு இறங்கியவர். அவர் மறுபடி டெல்லிக்குப் போக வழிவிட்டது முத்துக்குளித்துறை கரை.

சோப்பு விற்றவர்

டி.டி.கே. பிறந்தது 1899-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி. அப்பா ரங்காச்சாரி ஐகோர்ட்டு நீதிபதி. வசதியான குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். நீதிபதி மகன் வக்கீலாகத்தான் போவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ வியாபாரத்தில் இறங்கினார்.

1928-ல் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சோப்பு மாதிரியான சரக்குகளை வாங்கி ஊர் ஊராக விற்கிற ஏஜென்சி. இன்றைக்கும் நம்ம வீட்டு அடுப்பில் விசில் அடிக்கிற பிரஸ்டீஜ் குக்கர் இருக்கிறதே, அது அந்தக் குடும்பத்து நிறுவனத்தில் இருந்து பின்னால் வந்ததுதான்.

வியாபாரத்தில் நின்றவர் அரசியலுக்கும் வந்தார். 1937-ல் சென்னை சட்டசபைக்குப் போனார். 1942-ல் டெல்லியில் மத்திய சட்டசபை உறுப்பினரானார். அப்போது அவர் மந்திரி இல்லை. கேள்வி கேட்கிற பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். கணக்குவழக்கில் கெட்டி, பேச்சில் காரம் ஜாஸ்தி என்று பேர்.

அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவிலும் இவர் இருந்தார். குழுவில் ஒருவர் இறந்துபோக, அந்த இடத்துக்கு வந்தவர். 1948 நவம்பரில் அவர் சபையில் பேசியது இன்றைக்கும் பேசப்படுகிறது. குழுவில் பேருக்கு ஏழு பேர் இருந்தாலும், சிலர் இல்லாமல் போனதாலும், சிலர் வேறு வேலையில் இருந்ததாலும், முழுப் பாரத்தையும் அம்பேத்கர் ஒருத்தரே சுமந்தார் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் டி.டி.கே.தான்.

புதுக்காசு கொண்டுவந்த காலம்

1952-ல் சென்னையில் இருந்து எம்.பி. ஆனார். பிரதமர் நேரு அவரை வர்த்தக, தொழில் மந்திரி ஆக்கினார். 1956-ல் நிதி மந்திரி சி.டி.தேஷ்முக் ராஜினாமா செய்ய, அந்த நாற்காலி டி.டி.கே.க்கு வந்தது.

அணா போய், ஒரு ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ந் தேதி வந்ததே, அது இவர் நிதி மந்திரியாக இருந்தபோதுதான். அதே வருடம் பணக்காரர்களின் சொத்துக்கு சொத்து வரி போட்டார். சம்பாதிக்கிறதுக்கு மட்டுமில்லை, அதிகமாகச் செலவு செய்கிறதுக்கும் வரி என்று செலவு வரியும் கொண்டுவந்தார். பெரிய முதலாளிகளுக்கு அவரைப் பார்த்தாலே வேப்பங்காய்.

அப்படிப்பட்டவரைக் கவிழ்த்தது ஒரு முதலாளியின் கதைதான்.

ஏழை கட்டிய தவணைப் பணம்

இன்சூரன்சு கம்பெனிகள் முன்பு தனியாரிடம் இருந்தன. ஜனங்கள் கட்டிய பணத்தை சில முதலாளிகள் இஷ்டத்துக்கு எடுத்து தங்கள் சொந்தத் தொழிலில் போட்டார்கள். இதை 1955 டிசம்பரில் பாராளுமன்றத்தில் புட்டுப்புட்டு வைத்தவர் பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், இந்திராவின் கணவர், ரேபரேலி எம்.பி. ஆளுங்கட்சிதான். ஆனால் ஆளுங்கட்சி என்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

அடுத்த மாதமே ஆயுள் இன்சூரன்சு தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து 1956 செப்டம்பர் 1-ந் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. இனி பணத்துக்குப் பயம் இல்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. 1957 ஜூன் மாதம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. பங்கு வாங்கியது. மொத்தம் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 1 கோடி!

முந்த்ரா அப்போது கடன் நெருக்கடியில் தத்தளித்துக்கொண்டிருந்தார். முதலீடு செய்வதற்கு முன் யோசனை கேட்க எல்.ஐ.சி.யில் ஒரு கமிட்டி உண்டு. அந்தக் கமிட்டியைக் கேட்காமலே காரியம் முடிந்துவிட்டது. முழுகுகிற கப்பலைத் தூக்கி நிறுத்த ஜனங்களின் தவணைப் பணத்தைக் கொட்டினதுபோல ஆயிற்று.

கேள்வி மேல் கேள்வி

விஷயம் கசிந்தது. 1957 செப்டம்பரில் பீகாரைச் சேர்ந்த காங்கிரஸ் எம்.பி. ராம் சுபக் சிங் பாராளுமன்றத்தில் கேள்வி போட்டார். வந்த பதிலில் தெளிவு இல்லை. விடவில்லை. நவம்பர் 29-ந் தேதி மறுபடியும் கேள்வி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாராளுமன்றத்தில் நட்சத்திரக் கேள்வி என்று ஒரு வகை உண்டு. அதற்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் கதை முடியாது. அந்தப் பதிலில் இருந்தே எம்.பி.க்கள் துணைக் கேள்வி கேட்கலாம். அதிகாரி எழுதிக் கொடுத்த காகிதம் முதல் பதிலுக்குத்தான் உதவும். துணைக் கேள்விக்கு மந்திரி தன் தலையில் இருந்துதான் பதில் எடுக்க வேண்டும். அதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

டி.டி.கே.யும் அப்படித்தான் மாட்டினார். பெரோஸ் காந்தி துணைக் கேள்விகளில் பிடித்தார். டிசம்பர் 16-ந் தேதி விவாதமே வந்தது. எந்தத் தேதியில் பங்கு வாங்கினார்கள், அப்போது மார்க்கெட் விலை என்ன, எல்.ஐ.சி. கொடுத்த விலை என்ன என்று புள்ளிவிவரத்தோடு வந்திருந்தார் பெரோஸ். மாமனார் பிரதமராக முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மருமகன் அதே அரசைக் கூண்டில் ஏற்றினார்.

விசாரணைக்கு அரசு சம்மதித்தே ஆகவேண்டிய நிலை.

தெருவில் கேட்ட சாட்சி

பம்பாய் ஐகோர்ட்டு தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தனி ஆளாக விசாரித்தார். மூடிய அறை இல்லை, பகிரங்க விசாரணை. உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதி மந்திரி சாட்சி சொல்வதை தெருவில் நின்ற ஜனங்கள் கேட்டார்கள்.

அந்தப் பங்கு வாங்கியதற்குத் தான் சம்மதம் கொடுக்கவில்லை, அதிகாரிகள் செய்தது என்பது டி.டி.கே. தரப்பு. நிதித்துறை செயலாளர் எச்.எம்.பட்டேல் தரப்போ மந்திரிக்குத் தெரிந்துதான் நடந்தது என்றது.

நீதிபதி இழுத்தடிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் விசாரணையை முடித்து, 1958 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரிதான் பொறுப்பு. எனக்குத் தெரியாது, அவர் செய்தார் என்று தனக்குக் கீழே வேலை செய்கிறவரைக் காட்டிவிட்டு மந்திரி தப்ப முடியாது.

பிப்ரவரி 18-ந் தேதி டி.டி.கே.யின் ராஜினாமா பாராளுமன்றத்துக்கு வந்தது. அவர் தன் பைக்குள் ஒரு காசு போட்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் பதவி போச்சு. பட்ஜெட்டுக்கு பத்து நாள்தான் பாக்கி. அந்த வருட பட்ஜெட்டை நேருவே வாசித்தார். முந்த்ரா பின்னால் ஜெயிலுக்குப் போனார்.

கேள்வி கேட்ட பெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில், 48-வது பிறந்த நாளுக்கு சில நாள் முன்னால் மாரடைப்பில் காலமானார்.

முத்து இல்லாத கரைக்கு வந்தவர்

1962-ல் டி.டி.கே. திருச்செந்தூர் தொகுதிக்கு வந்தபோது இந்தக் கரை எப்படி இருந்தது?

தூத்துக்குடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே முத்துக்குளித்தல். 1955 முதல் 1961 வரை வருடா வருடம் நடந்தது. 1961-ல் நடந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. கடலடியில் சிப்பி குறைந்துபோச்சு. அதாவது, டி.டி.கே. எம்.பி. ஆனபோது முத்தின் காலம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இனி ஊருக்கு நம்பிக்கை துறைமுகம்தான். பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றி இறக்க வேண்டும். காற்று அடித்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆழமான துறைமுகம் வேண்டும் என்ற கோரிக்கையை 1955-ல் அமைத்த ஏ.ராமசாமி முதலியார் கமிட்டியும் ஆதரித்து, சேதுசமுத்திரக் கால்வாயோடு சேர்த்துச் செய்யச் சொன்னது. பணம் ஒதுக்க வேண்டியது டெல்லி. டெல்லியில் பேச ஆள் வேண்டும்.

அந்த ஆளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்புத்தான் ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. எல்.ஐ.சி. பணம் என்னாச்சு, துறைமுகத்துக்கு என்ன செய்வீங்க என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் மாற்றிப் போட ஒரு ஓட்டுச்சீட்டு வேண்டும். கேள்வியால் கவிழ்ந்தவர், அந்தச் சீட்டுக்கே வேலை இல்லாத ஒரு தேர்தலில் எழுந்து நின்றார்.

மறுபடி நிதி, மறுபடி ராஜினாமா

டெல்லி திரும்பியவரை 1962-லேயே நேரு மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். முதலில் இலாகா இல்லாத மந்திரி. சீனப் போர் வந்ததும் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மந்திரி. 1963-ல் காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி தேசாய் பதவி விலக, நிதி இலாகா மறுபடி டி.டி.கே. கைக்கு வந்தது. விழுந்த அதே நாற்காலி.

சின்னச் சேமிப்புக்காரர்களும் பங்கு மார்க்கெட்டில் சேரும்படியாக யூனிட் டிரஸ்ட், தொழிலுக்குக் கடன் கொடுக்க தொழில் வளர்ச்சி வங்கி, இரண்டும் 1964-ல் வந்தது இவர் காலத்தில்தான். இடையில் கைவிடப்பட்ட செலவு வரியையும் திரும்பக் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை.

1965-ல் மறுபடியும் எம்.பி.க்கள் கிளம்பினார்கள். இந்தத் தடவை அவர் குடும்ப நிறுவனங்கள் பற்றிப் புகார். புகாரில் சாரம் இருக்கிறதா என்று சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி நினைத்தார். டி.டி.கே. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1965 டிசம்பர் 31-ந் தேதி ராஜினாமா செய்தார். அதோடு அவரது மந்திரி வாழ்க்கை முடிந்தது. 1967 தேர்தலில் திருச்செந்தூரில் ஓட்டுச்சீட்டு இருந்தது, ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். சுதந்திரா கட்சி ஜெயித்தது.

நாலு மாதம் பிந்திய துறைமுகம்

1974 மார்ச் 7-ந் தேதி டி.டி.கே. காலமானார். வயது 74. சென்னையில் மவுபரீஸ் ரோடு இன்று டி.டி.கே. சாலை.

அவர் போய் நாலு மாதம் கழித்து, 1974 ஜூலை 11-ந் தேதி தூத்துக்குடி புதிய துறைமுகம் நாட்டின் 10-வது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பேர் வந்தது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின், 2009 தேர்தலில் இருந்து திருச்செந்தூர் தொகுதி போய் தூத்துக்குடி தொகுதி வந்துவிட்டது.

டி.டி.கே. கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கெட்டிக்கார மந்திரிக்கும் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். மாசாமாசம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி பாலிசி கட்டுகிற உப்பளத் தொழிலாளி டெல்லி போய்க் கேட்க முடியாது. அவருக்காகக் கேட்கத்தான் எம்.பி. இருக்கிறார்.

இன்றைக்கு எந்த எம்.பி. என்ன கேள்வி கேட்டார், மந்திரி என்ன பதில் சொன்னார் என்பதை பாராளுமன்ற இணையதளத்திலேயே பார்க்கலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை, செல்போன் போதும். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், நம்ம துறைமுகத்துக்கு, நம்ம பணத்துக்கு அங்கே போய் என்ன கேட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 1962-ல் இந்தக் கரைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.