முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அந்நாளில், ஆடவர் பயிலும் கல்லூரியிற் சேர்ந்து கற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றத்திற் பெண்கள் பொருட்டு அவர் ஆற்றிய பணியையும், 1930இல் நிறுவிய அவ்வை இல்லத்தையும் பலரும் அறிவர். புற்றுநோயை எதிர்த்து அவர் எழுந்த வரலாறோ ஒரு நோய்ப்படுக்கையின் அருகே தொடங்குகிறது.

அம்மையாரின் தங்கை இளமையிலேயே நோயுற்றார். வேறொரு பிணி என்றே முதலிற் கருதினர். புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்நோய் உடலை மட்டும் அரிப்பதன்று. பகலில் உற்றார் பேச்சிடையே ஒடுங்கிக் கிடக்கும் அச்சம், விளக்கு அணைந்ததும் விழித்துக்கொள்ளும். வலியோ துயிலை ஓட்டும். துயிலாத உடல் தளரும். தளர்ந்த உடலுக்கு அதே வலி இருமடங்காகத் தோன்றும். மருத்துவம் கற்ற தமக்கை அருகிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. 1923இல் அவர் மறைந்தார்.

அத்துயரை அம்மையார் மறக்கவில்லை. 1925இல் உயர்பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனையை அங்கே கண்டார். அத்தகையதொன்று நம் நாட்டிலும் வேண்டும் என்று 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் எடுத்துரைத்தார். புற்றுநோய் கண்டவர் எவ்வாறாயினும் மாய்வரே, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் இருந்தனர். நோயாளி இரவெல்லாம் அஞ்சி விழித்திருப்பதற்கு அந்த எண்ணமே பெருங்காரணம் அன்றோ! அம்மையார் சளைக்கவில்லை, பல்லாண்டு நிதி திரட்டினார். 1952இல் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். பொருளற்றோர்க்கும் அதன் கதவு திறந்தே இருந்தது.

திருவள்ளூரிலிருந்தும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களிலிருந்தும் புறநகர் இரயிலேறிச் சென்னைக்கு வரும் எளிய நோயாளிக்கும் இன்று செல்லுதற்கு இடம் உண்டு. ஆயினும் பலர் கட்டியைப் பற்றிக் கூறுவர். வலியைப் பற்றிக் கூறுவர். உறக்கம் வாராததை மட்டும் சிறிதென எண்ணி மறைத்துவிடுவர். சிகிச்சையின்போது தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் துயிலைக் கெடுப்பதுண்டு. மருத்துவர் அறிந்தால் அதனை உட்கொள்ளும் வேளையைக் காலைக்கு மாற்றுவார்; வலிக்கும் தக்க மருந்தளிப்பார்; அச்சத்தைப் பேசித் தணிக்கவும் வழி செய்வார். தங்கையின் காலத்திற் கிட்டாத உதவிகள் இவற்றுட் பல.

1956இல் அம்மையார் பத்மபூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற மருத்துவமனையின் பன்னிரண்டு படுக்கைகள் பின்னர் நூற்றுக்கணக்காகப் பெருகின.